காலில் விழுவதற்கு ஒரு வார்த்தை

சுரேஷ்பாபு அன்று பாடப் புத்தகத்தைத் திறக்கவில்லை. செல்போனை மேசைமேல் வைத்து யூனிஸ் பக்கமாகத் தள்ளினார்.

"ஒரு வார்த்தைக்கு அர்த்தம் தெரியணும் மேடம்."

சித்தூரில் மிட்டூர்ப் பக்கம் ஒரு வீட்டு மாடியில் யூனிஸ் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்தி வந்தாள். முன்னறையில் வகுப்பு, பின்னறையில் குடித்தனம். கணவன் ஆசிருக்கு ரேணிகுண்டாவில் ஒரு தொழிற்சாலையில் வேலை. சனிக்கிழமைதான் வீட்டுக்கு வருவான். மற்ற நாட்களில் அவளும் நான்காம் வகுப்பு படிக்கும் மகள் தபிதாவும் மட்டும்தான். சாயங்கால வகுப்புக்குப் பலர் வந்தார்கள். காலையில் ஒரே ஒரு மாணவர், சுரேஷ்பாபு.

அவருக்குக் கல் குவாரி இருந்தது, டிப்பர் லாரிகள் இருந்தன, ஒரு கல்யாண மண்டபம் இருந்தது. அவர் கேட்டு இல்லையென்று சொன்னவர்கள் ஊரில் கிடையாது. மகளைக் கட்டிக் கொடுத்த சம்பந்தி வீட்டார் அமெரிக்காவில் இருந்தார்கள். அங்கே போய் அவர்கள் முன்னால் ஊமையாய் நிற்கக்கூடாது என்பதற்காகத்தான் அவர் இங்கிலீஷ் படிக்க வந்தார். உண்மையைச் சொன்னால் நல்ல மாணவர். கொடுத்த பாடத்தை எழுதாமல் ஒருநாளும் வந்ததில்லை. தப்பு வந்தால் தன் தலையில் தானே குட்டிக்கொள்வார். முதல் மாதம் அவரைக் கண்டு நடுங்கிய யூனிஸ் அப்புறம் பழகிப் போயிருந்தாள். மாடிப்படியின் கீழே அவருடைய ஆள் ரங்கன் நிற்கும்வரை கீழ்வீட்டுக்காரர்கள் யாரும் வெளியே தலைகாட்டாமல் இருப்பதுகூட அவளுக்குப் பழகிவிட்டது.

செல்போனில் ஒரு வீடியோ ஓடியது. ஓர் ஏரி. கரையை அறுத்து மண் ஏற்றிக்கொண்டு சுரேஷ்பாபுவின் டிப்பர்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. பேசுகிறவரின் முகம் இல்லை. குரலையும் ஏதோ ஆப் வைத்து மாற்றியிருந்தார்கள். கிணற்றுக்குள்ளிருந்து ஓர் ஆண் பேசுவதுபோலக் கனமாக வந்தது. எளிமையான இங்கிலீஷ். எம்மார்வோ என்கிற தாசில்தார் ஆபீசிலிருந்து போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் எல்லாரும் இந்த மனிதருக்கு என்று சொல்லி நிறுத்தி, அந்த இடத்தில் ஒரு வார்த்தை.

கௌடௌ.

யூனிஸின் விரல்கள் மேசைக்கடியில் ஒன்றையொன்று இறுக்கிக்கொண்டன.

அந்த வார்த்தையை அவள்தான் சொல்லிக் கொடுத்திருந்தாள். போன வாரம் சாயங்கால வகுப்பில் ரூபா என்ற பெண் ஒரு சந்தேகம் கேட்டாள். ரூபா புத்தூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். சித்தூரில் ஒரு மாம்பழக்கூழ்த் தொழிற்சாலையின் ஆய்வகத்தில் வேலை, லேடீஸ் ஹாஸ்டலில் தங்கல்.

"கால்ல வுழறதுக்கு இங்கிலீஷ்ல இன்னா மேடம்?"

யூனிஸ் 'ஒபேசன்ஸ்' என்றாள். பெரியவர்களுக்கும் கடவுளுக்கும் வணங்கி மரியாதை செய்வது. ரூபா தலையை ஆட்டினாள், அது இல்லை என்று. 'ப்ராஸ்ட்ரேட்' என்றாள். நெடுஞ்சாண்கிடையாக விழுவது.

"அது திருப்பதி மலைக்கு நடந்து போறவங்க அடிவாரத்துல, அலிபிரியில வுழறாங்களே, அது மேடம். அது அவங்களா வுழறது. நான் கேக்கறது பயந்துகினு வுழறது."

யூனிஸ் கொஞ்சம் யோசித்துவிட்டுப் பலகையில் எழுதினாள். சீன தேசத்து ராஜாவுக்கு முன்னால் நெற்றி தரையில் படக் குனிவதுதான் ஆதியில் அதன் பொருள் என்றும், இப்போது இங்கிலீஷில் அது ஓர் ஏளன வார்த்தை, அதிகாரம் உள்ளவனிடம் முதுகெலும்பில்லாமல் வளைகிறவர்களைச் சொல்வது என்றும் விளக்கினாள். மாட்டுக்குச் சொல்லும் 'கௌ', அதேபோல 'டௌ'. வகுப்பு முழுவதும் மாடு மேய்ப்பதுபோல அதைச் சொல்லிச் சிரித்தது. ரூபா மட்டும் சிரிக்காமல் வாய்க்குள்ளேயே இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

"மேடம்?" என்றார் சுரேஷ்பாபு.

"மரியாதை கொடுக்கறது சார். வணக்கம் சொல்ற மாதிரி."

அவர் நோட்டில் தெலுங்கில் எழுதிக்கொண்டார். பிறகு நிமிர்ந்தார். "நல்ல வார்த்தையா, கெட்ட வார்த்தையா?"

"அது இடத்தைப் பொறுத்து சார்."

பேனாவை மூடி வைத்தார். "நேத்தே பாத்துட்டேன் மேடம். போன்ல போட்டா தெலுங்குல வந்துடுது. நீங்க இன்னா சொல்றீங்கன்னு தெரிஞ்சிக்கலாம்னுதான் கேட்டேன்."

அவர் குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டாள்.

"எனக்குக் கோவம் இல்ல மேடம். கால்ல வுழறாங்கன்னு சொன்னா இன்னா, வுழறாங்கதான். எத்தினி பேர் வுழுந்தாங்க, மூஞ்சிகூட ஞாபகம் இல்ல. ஆனா இந்த வார்த்தை நம்ம லாயருக்குத் தெரியல. எஸ்.ஐ.க்குத் தெரியல. காலேஜ் லெக்சரர் ஒருத்தர் எழுத்த பாத்துட்டு 'கோடோ'ன்னு படிச்சாரு. நீங்க ஒரு தபா சொல்லுங்க."

தப்பாகச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள். பல வருடம் பழகிய நாக்கு சரியாகவே சொல்லிவிட்டது. அவர் வீடியோவை மறுபடி ஓடவிட்டார். இரண்டும் ஒன்றாக இருந்தன.

"ஆ, அதே. சாயங்கால பேட்ச்ல யாருக்குச் சொல்லிக் குடுத்தீங்கன்னு யோசிங்க மேடம். அவசரம் இல்ல."

பிறகு புத்தகத்தைத் திறந்தார். "இன்னிக்கு பாஸ்ட் டென்ஸ்."

மிச்ச நேரம் முழுவதும் பாஸ்ட் டென்ஸ் நடத்தினாள். என்ன நடத்தினாள் என்று அவளுக்கே தெரியாது.

மறுநாள் தபிதா பள்ளியிலிருந்து வரும்போது கையில் மாம்பழத் தாண்ட்ரா மிட்டாய்ப் பொட்டலம் இருந்தது. பாதி தின்றிருந்தாள்.

"யார் கொடுத்தா?"

"படிக்கட்டுகிட்ட நிப்பாரே ரங்கன் மாமா, அவரு. ஸ்கூல் கேட்டாண்ட நின்னுகினு இருந்தாரு. நீ தெனமும் எந்த ஆட்டோல போறன்னு கேட்டாரு."

யூனிஸ் பொட்டலத்தைப் பிடுங்கி வெளியே எறிந்தாள். குழந்தை அழுதது. சமாதானப்படுத்தக்கூடத் தோன்றாமல் ஆசிருக்குப் போன் போட்டாள்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவன் இயந்திரச் சத்தத்தை விட்டுத் தள்ளி வந்து பேசினான்.

"பேர சொல்லிட்டு வுட்டுடு யூனிஸ். நமக்கு ஒரு புள்ள இருக்குது."

"அதுவும் ஒரு வீட்டுப் புள்ளதானே ஆசிர்."

"தெரியுது. தெரிஞ்சிதான் சொல்றேன். இல்லன்னா கிளாஸ மூடிட்டு இங்க வந்துடு."

அவனைக் கோபிக்க முடியவில்லை. காலையிலிருந்து அவள் மனமும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து ஜெபம் செய்யப் பார்த்தாள். "ஆண்டவரே" என்பதற்குமேல் ஒரு சொல்லும் வரவில்லை.

அன்று வகுப்பு முடிந்ததும் ரூபாவை மட்டும் இருக்கச் சொன்னாள். கதவைச் சாத்திவிட்டு விஷயத்தைச் சொன்னாள். ரூபா மறுக்கவில்லை. அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

"எங்க ஏரி மேடம் அது. மண்ண எடுத்து எடுத்து எங்க கெணறெல்லாம் காஞ்சி போச்சு. நைனா எம்மார்வோ ஆபீஸ்ல போயி கம்ப்ளெயிண்ட் குடுத்தாரு. அன்னிக்கு வூட்டுக்கு வந்தவரு சோறு துன்னல. சட்டை முன்பக்கம் பூரா மண்ணு. இன்னா நைனான்னா, தடுக்கி வுழுந்துட்டேன்னு சொன்னாரு. பக்கத்து நெலத்துக்காரருதான் அப்பறம் சொன்னாரு. ஆபீஸ் வாசல்லயே அந்த சுரேஷ்பாபு கால்ல வுழ வெச்சாங்களாம். உள்ள இருந்த எம்மார்வோ சன்னல சாத்திட்டாராம்."

"அதை ஏன் இங்கிலீஷ்ல..."

"தமிழ்லயோ தெலுங்குலயோ சொன்னா ஊருக்கே புரியும் மேடம். நைனாவுக்குத்தான் அவமானம். இங்கிலீஷ்ல சொன்னா மேல இருக்கறவங்க மட்டும் கேப்பாங்கன்னு நெனச்சேன்." ரூபா உதட்டைக் கடித்தாள். "நானே போயி அவர் கால்ல வுழுந்துடட்டுமா மேடம்? உங்களுக்கு எதுவும் ஆகக்கூடாது."

"வேணாம்" என்றாள் யூனிஸ். அடுத்து என்ன செய்வது என்று ஒன்றும் தெரியாமலேதான் சொன்னாள். "வகுப்புக்கு வராதே. யாராவது கேட்டா இங்கிலீஷே வராதுன்னு சொல்லிடு."

இரண்டு நாள் சுரேஷ்பாபு வரவில்லை. அதுவும் பயமாக இருந்தது. தபிதாவைத் தானே பள்ளியில் விட்டுக் கூட்டிவந்தாள். பின்னால் வண்டி மெதுவாக வந்தால் கடைக்குள் நுழைந்து நின்றுகொண்டாள்.

வியாழக்கிழமை காலை கீழே கார் கதவு சாத்தும் சத்தம். மாடிப்படியில் எப்போதும் ஒரே ஆள் ஏறும் சத்தம் கேட்கும். அன்று மூன்று பேர் ஏறினார்கள். தபிதாவைப் பின்னறைக்குள் தள்ளித் தாழ்போடச் சொன்னாள்.

முன்னால் சுரேஷ்பாபு. பின்னால் ரங்கன், ஜெர்ரியின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு. ஜெர்ரி மெடிக்கல் ஷாப்பில் விற்பனையாளன், அவளுடைய சபையைச் சேர்ந்தவன், சாயங்கால வகுப்பில் படிக்கிறவன். சட்டைப் பொத்தான்கள் அறுந்திருந்தன. ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. கன்னம் வீங்கிக் கண்ணை மறைத்தது.

சுரேஷ்பாபு தன் வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஆம்பள கொரலு" என்றான் ரங்கன். "உங்க பேட்ச்சு. அந்த வீடியோவ ஸ்டேட்டஸ்ல வெச்சிருந்தான்."

"எனக்கு யாரோ அனுப்பினாங்க மேடம்" என்று ஜெர்ரி அழுதான். "சொல்லுங்க மேடம். நான் இல்லன்னு சொல்லுங்க மேடம்."

"இவன்தானே?" என்றார் சுரேஷ்பாபு.

யூனிஸ் வாய் திறக்கவில்லை. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அவளுக்குத் தோன்றிவிட்டது. இப்படியே பேசாமல் நின்றால் போதும். ரூபா தப்பித்துவிடுவாள், தபிதா தப்பித்துவிடுவாள், எல்லாம் இவனோடு முடிந்துவிடும். எதிரில் உட்கார்ந்திருந்த மனிதரைவிட அந்த நினைப்புக்கு அவள் அதிகம் பயந்தாள்.

"இவர் இல்ல சார். அன்னிக்கு இவர் கிளாஸுக்கே வரல."

"அன்னிக்குன்னா?"

சொல்லிவிட்ட பிறகுதான் உறைத்தது. கொட்டிய சொல்லை இனி அள்ள முடியாது. வேகமாகப் பலகைப் பக்கம் திரும்பி அந்த வார்த்தையை எழுதினாள். சுண்ணக்கட்டி இரண்டு முறை ஒடிந்தது.

"படிங்க ஜெர்ரி."

ஜெர்ரி ஒற்றைக் கண்ணால் பலகையைப் பார்த்தான். "கோ... கோவ்... கோவ்டோவ்."

ரங்கன் சிரித்துவிட்டான். சுரேஷ்பாபு சிரிக்கவில்லை.

"செரி. இவன் இல்ல. அன்னிக்கு வந்தவங்கள்ல யாரு?"

"சொல்ல மாட்டேன் சார்."

"தெரியாதுன்னு சொல்லல நீங்க. சொல்ல மாட்டேன்னு சொல்றீங்க."

"ஆமா சார்." அவள் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"கால்ல வுழுந்து மன்னிப்பு கேளும்மா" என்றான் ரங்கன். "சாரு வுட்டுடுவாரு."

சுரேஷ்பாபு கையை உயர்த்தி அவனை அடக்கினார். "சீ, டீச்சரம்மா அவங்க." எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "மேடம் நல்லா யோசிக்கட்டும். நாளைக்கு வரேன். பாப்பாவ இனிமே நம்ம வண்டியிலயே ஸ்கூல்ல வுட்டுடலாம். ஆட்டோ எல்லாம் சேஃப்டி இல்ல."

கார் போன பிறகும் ஜெர்ரி படிக்கட்டில் உட்கார்ந்தே இருந்தான். யூனிஸ் தண்ணீர் கொண்டுவந்தாள். டம்ளரைப் பிடிக்க முடியாமல் சட்டையில் கொட்டிக்கொண்டான்.

"யாருன்னு எனக்கும் சொல்லிடாதீங்க மேடம்" என்றான். "திரும்பப் புடிச்சாங்கன்னா நான் சொல்லிடுவேன்."

அப்போதுதான் அவள் முடிவு செய்தாள், திருப்பதிக்குப் போய்ப் பெரிய போலீஸ் அதிகாரியிடம் சொல்லிவிடுவது என்று. யோசித்துச் செய்த முடிவு என்று சொல்ல முடியாது. நாளைக் காலை அந்தப் படியில் மறுபடி அவர் ஏறி வரும் சத்தத்தைக் கேட்கத் தன்னால் முடியாது என்று தெரிந்தது, அவ்வளவுதான். ரூபாவுக்கும் ஆசிருக்கும் போன் செய்தாள். குழந்தையையும் ஒரு பையையும் எடுத்துக்கொண்டு பின்சந்து வழியாகப் பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள். ஜெர்ரியும் கூட வந்தான். ரூபா ஆய்வகத்து வெள்ளைக் கோட்டைக் கழற்றக்கூட மறந்து ஓடி வந்திருந்தாள். திருப்பதி பஸ் கிளம்பத் தயாராக நின்றது.

சுரேஷ்பாபுவின் கார் வெள்ளை நிறம். அந்தச் சாலையில் எத்தனை வெள்ளைக் கார் போகிறது என்று யூனிஸ் அன்றுதான் கவனித்தாள். ஒவ்வொன்றும் பஸ்ஸை ஒட்டி வரும்போது தபிதாவின் தலையை மடியில் அழுத்திக்கொண்டாள். ஜெர்ரி முகத்தைக் கைக்குட்டையால் மூடித் தூங்குவதுபோல நடித்தான். ரூபா போனில் தன் அப்பா நாராயணசாமியிடம் கெஞ்சினாள்.

"வேணாம் ரூபா" என்று நாராயணசாமி சொல்வது பக்கத்தில் உட்கார்ந்திருந்த யூனிஸுக்கே கேட்டது. "வுழுந்தது வுழுந்ததாவே போவட்டும். நான் மறந்துட்டேன்."

"என்னால மறக்க முடியல நைனா. நீ வரலன்னா நான் மட்டும் திருப்பதி போலீஸ்ல போயி சொல்லுவேன்."

போன் துண்டிக்கப்பட்டது.

திருப்பதி பஸ் ஸ்டாண்டில் ஆசிர் வேலை உடுப்போடு நின்றிருந்தான். பாதி ஷிப்டில் சொல்லாமல் வந்திருக்கிறான். தபிதாவைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான்.

போலீஸின் பெரிய அலுவலகத்தில் மதியத்துக்குப் பிறகுதான் உள்ளே விட்டார்கள். ஒரு பெண் அதிகாரி. யூனிஸ் தெலுங்கில் சொன்னாள். ஜெர்ரி கன்னத்தைக் காட்டினான். அதிகாரி வீடியோவை இரண்டு முறை பார்த்தார்.

"இதில் லாரிதான் இருக்கிறது. சுரேஷ்பாபு இல்லை" என்றார். "இவரை அடித்தது யார் என்று கேட்டால், எங்களுக்குத் தெரியாது என்பார்கள். சாட்சி யார்? நீங்கள் நாளைக்கு மாற்றிச் சொல்ல மாட்டீர்கள் என்று நான் எதை நம்புவது?"

யூனிஸ் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். இங்கே வந்த செய்தி இந்நேரம் சித்தூருக்குப் போயிருக்கும். இனி திரும்பிப் போகவும் முடியாது.

அப்போது ஒரு கான்ஸ்டபிள் கதவைத் திறந்து, புத்தூரிலிருந்து ஒரு பெரியவர் வந்திருக்கிறார் என்றார். நாராயணசாமி உள்ளே வந்தார். வெளுத்த சட்டை, மூச்சு வாங்கியது. மகளைப் பார்க்காமல் அதிகாரியைப் பார்த்தே பேசினார். தெலுங்கில் ஆரம்பித்தவருக்கு நடுவில் தமிழ் வந்துவிட்டது.

"ஒரு தபா இல்லம்மா. ரெண்டு தபா வுழுந்தேன். மொத தபா வுழுந்தப்ப போன்ல சரியா வரலன்னாங்க. எந்திரி, இன்னொரு தபா வுழுன்னாங்க. எந்திரிச்சி வுழுந்தேன்."

ரூபா வாயைப் பொத்திக்கொண்டாள். இது அவளுக்கே தெரியாது.

அதிகாரியின் பேனா நின்றது. "போன்ல எடுத்தாங்களா? யார் எடுத்தது?"

"ரங்கன்னு ஒருத்தன். அந்தாளு கூடவே இருப்பான்."

அதிகாரி மணியை அழுத்தினார். பிறகு நாராயணசாமியிடம், "உட்காருங்க" என்றார். அவர் உட்காரத் தயங்கினார். ஆசிர் நாற்காலியை இழுத்துப் போட்டுக் கையைப் பிடித்து உட்கார வைத்தான்.

மறுநாளே ரங்கனின் போனைப் பறிமுதல் செய்தார்கள். நாராயணசாமி மட்டும் இல்லை, வேறு பலர் விழுந்த வீடியோக்களும் அதில் இருந்தன. வயதானவர்கள், ஒரு பெண், சட்டை டக்-இன் செய்த ஓர் அலுவலர்கூட. எம்மார்வோ ஆபீஸின் பெயர்ப்பலகை பின்னால் தெளிவாகத் தெரிந்தது. வழக்குப் பதிவானது. சுரேஷ்பாபு கொஞ்ச நாள் ஐதராபாத்தில் இருந்தார் என்றார்கள். பிறகு கைதானார், பிறகு ஜாமீனில் வந்தார். ஏரியில் டிப்பர்கள் நின்றன. எத்தனை நாளைக்கு என்று யாருக்கும் தெரியாது.

ரூபா ரேணிகுண்டாவில் வேறு வேலை தேடிக்கொண்டாள். ஜெர்ரி அதே மெடிக்கல் ஷாப்பில்தான் இருக்கிறான். ஆனால் வேலைக்குப் போகும் வழியை மாற்றிவிட்டான். யூனிஸ் மிட்டூர் வீட்டுக்குத் திரும்பவே இல்லை. பெஞ்சையும் பலகையையும் ஆசிர்தான் லாரியில் ஏற்றி வந்தான். திருப்பதியில் வீடு பார்க்கும்போது தரைத்தளம்தான் வேண்டும் என்று அவள் பிடிவாதமாக நின்றாள். படியேறும் காலடிச் சத்தம் இல்லாத வீடு.

வழக்கு விசாரணைக்குத் தேதி குறித்த வாரத்தில் ஒரு காலை, தோசை வார்த்துக்கொண்டிருக்கும்போது தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது.

"மேடம், திஸ் ஈஸ் சுரேஷ்பாபு ஸ்பீக்கிங்" என்றது குரல். தொடர்ந்து இங்கிலீஷிலேயே பேசினார். வகுப்பு நின்ற பிறகும் தானாகவே படித்துக்கொண்டிருக்கிறாராம். குழந்தை எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். புதுப் பள்ளி அவளுக்குப் பிடித்திருக்கிறதா என்றும் கேட்டார். ஒரு தப்புக்கூட இல்லை.

யூனிஸுக்கு அடுப்பு மறந்துபோனது. தோசை கருகும் வாசனை வந்தது. பதில் இங்கிலீஷில் வரவில்லை, தமிழில்தான் வந்தது.

"கோர்ட்டுல கேப்பாங்க சார். நடந்ததச் சொல்லுவேன்."

அவளே போனை வைத்தாள். அந்த எண்ணைத் திருப்பதிப் பெண் அதிகாரிக்கு அனுப்ப மூன்று முறை தப்பாக அழுத்தினாள்.

"யாரும்மா போன்ல?" என்றாள் தபிதா.

பொய் சொல்லலாமா என்று நினைத்தாள். "சுரேஷ்பாபு" என்றாள்.

குழந்தை தட்டையே பார்த்துக்கொண்டிருந்தது. "இங்க வருவாரா?"

"தெரியலம்மா."

கருகிய தோசையை எடுத்துப் போட்டுவிட்டு வேறொன்று வார்த்தாள். தபிதா சாப்பிட்டு முடித்ததும் இருவரும் பள்ளிக்கு நடந்தார்கள். வழி நெடுக யூனிஸ் மகளின் மணிக்கட்டை விடவில்லை. கொஞ்ச தூரம் போனதும் தபிதா, "வலிக்குதும்மா" என்றாள். அவள் பிடியைத் தளர்த்தினாள். ஆனால் கையை விடவில்லை.